ஊரிலிருந்து அப்பா, அம்மா வந்திருக்கிறார்கள்: வார இறுதியில் ரைன் கரை ஊர்களும் கோட்டைகளும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜெர்மனியில் ஃபிராங்க்ஃபர்ட், மைன்ஸ், டார்ம்ஸ்டாட், மன்ஹைம் பக்கம் வேலை பார்க்கும் நம் ஆட்கள் வீடுகளில் ஏப்ரல் பிறந்தால் இதே பேச்சுதான்: ஊரிலிருந்து பெற்றவர்கள் வருகிறார்கள், எங்கே கூட்டிப்போவது? வாரத்தில் ஐந்து நாள் ஆபீஸ். கையில் இருப்பது சனியும் ஞாயிறும் மட்டும். வருகிறவர்களுக்கு முட்டி வலி, சாப்பாட்டுக் கட்டுப்பாடு, மத்தியான மாத்திரை எல்லாம் உண்டு. இதையெல்லாம் வைத்துக்கொண்டு எப்படித் திட்டம் போடுவது என்று பலரும் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு நாளைக்கு ஓர் ஊர், ஒரு கோட்டை, ஒரு கப்பல். அதற்கு மேல் வைக்க வேண்டாம்.

எங்கிருந்து தொடங்குவது?

நடு ரைன் பள்ளத்தாக்கிலிருந்து. பிங்கன், ரூடெஸ்ஹைம் ஊர்களில் தொடங்கி கோப்ளென்ஸ் வரை ஆறு மலைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும் 65 கிலோமீட்டர். 2002-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இந்தக் குறுகிய தூரத்துக்குள் ஏறக்குறைய 40 கோட்டைகள் நிற்கின்றன. ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து ரூடெஸ்ஹைம் ரயிலில் ஒன்றேகால் மணி நேரம்தான். நீண்ட விமானப் பயணத்தின் அலுப்பு தீராத முதல் வாரத்தில்கூடப் போய் வரலாம்.

அடுத்த வாரம் ஹைடல்பெர்க். அதற்கடுத்து கோப்ளென்ஸ். உடம்பு ஒத்துழைத்தால் மோசல் ஆற்றுப் பக்கம் எல்ட்ஸ் கோட்டை. இந்த வரிசை நன்றாகவே அமையும்.

எந்த மாதத்தில் வரச் சொல்லலாம்?

மே கடைசியிலிருந்து ஜூன் முடியும்வரை, இல்லையென்றால் செப்டம்பர். ஜூன் மாதத்தில் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும், அதனால் எதற்கும் அவசரப்பட வேண்டியதில்லை. செப்டம்பரில் திராட்சை பழுத்து, மலைச்சரிவு முழுக்க அறுவடை நடக்கும். ஏப்ரலில் பூக்கள் அழகுதான், ஆனால் ஆற்றுக் காற்றுக்கு நம் பெரியவர்கள் நடுங்கிவிடுவார்கள். பயணக் கப்பல்களும் பல கோட்டைகளும் நவம்பரிலிருந்து மார்ச் வரை மூடியிருக்கும் அல்லது மிகக் குறைவாகவே இயங்கும்.

எந்த மாதமாக இருந்தாலும் கப்பலின் மேல்தளத்துக்கு ஒரு ஸ்வெட்டரும் காதுக்கு மஃப்ளரும் கட்டாயம்.

ரயிலா, காரா?

ரைன் பக்கத்துக்கு ரயில்தான். இரண்டு கரையிலும் தண்டவாளம் ஆற்றை ஒட்டியே போகிறது. ஜன்னலோரம் உட்கார்ந்தாலே பாதி ஊர் பார்த்தாயிற்று. மைன்ஸிலிருந்து பிங்கன், பாக்கராக், சங்க்ட் கோவார், பொப்பார்ட் வழியாக கோப்ளென்ஸ் போகும் இடக்கரை ரயிலில் வலதுபக்க ஜன்னலைப் பிடியுங்கள். ஃபிராங்க்ஃபர்ட், வீஸ்பாடன், ரூடெஸ்ஹைம், கௌப், பிராவ்பாக் வழியாகப் போகும் வலக்கரை ரயிலில் இடதுபக்கம். ஆறு தெரிவது அந்தப் பக்கம்தான்.

காரில் போனால் ஓட்டுகிறவர் எதையும் பார்க்க முடியாது. இன்னொன்று: மைன்ஸைத் தாண்டினால் கோப்ளென்ஸ் வரை ஆற்றின் குறுக்கே பாலமே கிடையாது. அக்கரை போக வேண்டுமென்றால் ஃபெர்ரிதான். பிங்கன்–ரூடெஸ்ஹைம், சங்க்ட் கோவார்–சங்க்ட் கோவார்ஸ்ஹௌசன், பொப்பார்ட்–ஃபில்சன் என்று பல இடங்களில் ஓடுகின்றன, காரையும் ஏற்றிக்கொள்வார்கள். ஆனால் எல்ட்ஸ் கோட்டைக்கு மட்டும், பெரியவர்களோடு என்றால், காரே வசதி.

டிக்கெட் எதை எடுப்பது?

பெற்றோர் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கப்போகிறார்கள், உள்ளூரிலும் பஸ், டிராம் ஏறுவார்கள் என்றால் டாய்ச்லாண்ட் டிக்கெட். 2026 ஜனவரி முதல் மாதம் 63 யூரோ. நாடு முழுவதும் உள்ளூர் ரயில், பஸ் எல்லாவற்றிலும் செல்லும், ஐ.சி.இ., ஐ.சி. போன்ற விரைவு ரயில்களில் செல்லாது. இது சந்தா முறை என்பதை மறக்க வேண்டாம். அவர்கள் ஊர் திரும்பும் மாதத்தில் 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்துவிட வேண்டும், இல்லையென்றால் அடுத்த மாதத்துக்கும் பணம் போகும்.

ஒன்றிரண்டு நாள் மட்டும் சுற்றுவதென்றால் அந்தந்த மாநில நாள் டிக்கெட் போதும். ஐந்து பேர் வரை ஒரே டிக்கெட்டில் போகலாம். வார நாளில் காலை 9 மணிக்கு மேல்தான் செல்லும். சனி, ஞாயிறு அந்தக் கட்டுப்பாடு இல்லை. எந்த மாநில டிக்கெட் எந்த ஸ்டேஷன் வரை என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ரூடெஸ்ஹைம் ஹெஸ்ஸன் மாநிலத்தில் இருக்கிறது. அதே கரையில் சற்றுத் தள்ளியிருக்கும் கௌப் ரைன்லாண்ட்-ஃபால்ஸில் வந்துவிடும். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு டிக்கெட் வேண்டாம்.

கிளம்பும் நாள் காலையில் ஜெர்மன் ரயில்வேயின் டி.பி. நாவிகேட்டர் செயலியைத் திறந்து பார்க்காமல் வீட்டைப் பூட்டாதீர்கள். தண்டவாள வேலை நடந்தால் ரயிலுக்குப் பதில் பஸ் விடுவார்கள். அந்த பஸ் ஸ்டேஷன் வாசலிலேயே நிற்கும் என்ற நிச்சயம் இல்லை. அதைத் தேடிப் பெரியவர்கள் நடந்து களைத்துப்போனால் அன்றைய பயணமே சோர்ந்துவிடும்.

கப்பலில் எந்தப் பகுதி போகலாம்?

ரூடெஸ்ஹைமில் ஏறி சங்க்ட் கோவாரில் இறங்குவது. ஆற்றின் போக்கிலேயே போவதால் ஒன்றரை மணி நேரம் சொச்சம் ஆகும். அதே தூரம் எதிர்த்திசையில் ஏறக்குறைய இரு மடங்கு நேரம் பிடிக்கும். கோப்ளென்ஸிலிருந்து ரூடெஸ்ஹைம் வரை முழுக்கக் கப்பலிலேயே வந்தால் ஆறு மணி நேரத்துக்கும் மேல். நம் பெரியவர்களுக்கு முதல் இரண்டு மணி நேரம் வேடிக்கை, அதற்கப்புறம் தூக்கம்.

மேல்தளத்தில் நடுவில் உட்காருங்கள். இரண்டு பக்கமும் பார்க்க வேண்டியது இருக்கிறது. ரூடெஸ்ஹைம் விட்டதும் வலப்பக்க மலைமேல் பெரிய பெண் சிலை தெரியும். அது ஜெர்மானியா, 1883-இல் திறந்த நீடர்வால்ட் நினைவுச்சின்னம். அடுத்து ஆற்றின் நடுவே சின்னத் தீவில் ஒரு மஞ்சள் கோபுரம் நிற்கும். இதுதான் எலிக் கோபுரம். இதன் கதையைக் குழந்தைகளுக்குச் சொல்லாமல் விடாதீர்கள். பஞ்ச காலத்தில் மைன்ஸ் பேராயர் ஹாட்டோ, தானியம் கேட்டு வந்த ஏழைகளைக் களஞ்சியத்தில் அடைத்துத் தீ வைத்தாராம். அவர்கள் அலறியதை எலிகள் கீச்சிடுவதாகச் சொன்னாராம். அதே இரவில் எலிகள் படையாகத் துரத்த, இந்தக் கோபுரத்துக்கு ஓடி ஒளிந்தார்; எலிகள் ஆற்றை நீந்திக் கடந்து வந்து அவரைத் தின்றே தீர்த்தன. கதைதான், வரலாறு இல்லை. ஆனால் இதைக் கேட்ட பாட்டிமார்கள் உடனே தங்கள் பங்குக்கு ஒரு கொடுங்கோல் ராஜா கதையை எடுத்து விடுவார்கள். பேரப்பிள்ளைகளுக்கு அந்தக் கப்பல் பயணம் அதனாலேயே நினைவில் நிற்கும்.

இடக்கரையில் ரைன்ஸ்டைன், ரைஹன்ஸ்டைன், சூனெக் என்று கோட்டைகள் வரிசையாக வரும். பிறகு பாக்கராக். அதன் எதிர்ப்பக்கம் சற்றுக் கீழே கௌப் ஊருக்கு முன்னால், ஆற்றின் நட்டநடுவில், கல் கப்பல் போல வெள்ளையாக ஃபால்ஸ்கிராஃபன்ஸ்டைன் கோட்டை. எல்லோரும் எழுந்து நின்று படமெடுக்கும் இடம் இது. கடைசியில் லோரலை பாறை: நீர்மட்டத்திலிருந்து 132 மீட்டர் செங்குத்தாக நிற்கும் கரும்பாறை. பாறைமேல் உட்கார்ந்து தங்கக் கூந்தலைச் சீவியபடி பாடி, படகோட்டிகளைக் கவிழ்த்த பெண்ணின் கதையை ஹைன்ரிஷ் ஹைனே 1824-இல் கவிதையாக்கினார். ஆறு அங்கே குறுகி, ஆழமாகி, திரும்புகிறது. அந்தக் காலப் படகுகள் கவிழ்ந்ததற்கு அதுவே காரணம். இன்றும் அந்த வளைவில் எதிரே கப்பல் வருகிறதா என்பதை மாலுமிகளுக்குக் காட்டும் விளக்குப் பலகைகள் கரையில் இருக்கின்றன. பாட்டுக்குக் காது கொடுக்கும்போது அவற்றையும் பாருங்கள்.

கரையோரம் பெரிய வெள்ளைப் பலகைகளில் எண்கள் எழுதியிருப்பார்கள். கான்ஸ்டான்ஸ் பாலத்திலிருந்து எண்ணி வரும் கிலோமீட்டர் கணக்கு அது. கௌப் 546, லோரலை 554. எட்டு வயதுப் பையனிடம் இந்தப் பொறுப்பைக் கொடுத்துவிட்டால், "இன்னும் எவ்வளவு தூரம்?" என்ற கேள்வி வராது, அவனே சொல்லிக்கொண்டு வருவான்.

சங்க்ட் கோவாரில் இறங்கி, ஃபெர்ரியில் அக்கரை கடந்தால் ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு நேர் ரயில். மைன்ஸ்காரர்களுக்கு இக்கரை ரயிலே போதும்.

இத்தனை சின்ன இடத்தில் ஏன் இத்தனை கோட்டைகள்?

என் அப்பா முதல் நாளே கேட்ட கேள்வி. பதில்: சுங்கம். சாலைகள் மோசமாக இருந்த காலத்தில் சரக்கெல்லாம் ஆற்றில்தான் போனது. மலைக்கு நடுவே குறுகிய ஆறு. தப்பிப்போக வேறு வழி கிடையாது. கரையில் நிலம் வைத்திருந்த ஒவ்வொரு சிற்றரசரும் பேராயரும் ஒரு கோட்டை கட்டி, கப்பலை நிறுத்தி வசூலித்தார்கள். ஃபால்ஸ்கிராஃபன்ஸ்டைன் அதற்கென்றே கட்டியது. 1327 வாக்கில் மன்னர் பவேரிய லூட்விக் நடுவில் உள்ள கோபுரத்தை எழுப்பினார். அங்கே 1860-கள் வரை வசூல் நடந்தது. 1814 புத்தாண்டுப் பொழுதில் பிரஷ்யத் தளபதி ப்ளூஷர் நெப்போலியன் படையைத் துரத்திக்கொண்டு ஆற்றைக் கடந்ததும் இதே இடத்தில்தான். மிதவைப் பாலம் போட்டுப் படையை நகர்த்தினார்கள்.

பாதிக் கோட்டைகள் ஏன் இடிந்து கிடக்கின்றன என்ற அடுத்த கேள்வியும் வரும். 1689-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரான்சின் பதினான்காம் லூயி மன்னரின் படைகள் இந்தப் பக்கம் முழுவதையும் கொளுத்தின. அப்போது தாக்குப்பிடித்த ரைன்ஃபெல்ஸ் கோட்டையை நூறு ஆண்டு கழித்து பிரெஞ்சுப் புரட்சிப் படை வெடிவைத்தது. இடிபாடுகளைப் பார்த்து மயங்கிய பிரஷ்ய அரச குடும்பம் 19-ஆம் நூற்றாண்டில் சிலவற்றைத் தன் ரசனைக்கு ஏற்பத் திரும்பக் கட்டியது. ரைன்ஸ்டைன், சூனெக், கோப்ளென்ஸ் அருகே உள்ள ஸ்டோல்சன்ஃபெல்ஸ் எல்லாம் அப்படி எழுந்தவை. ஆகவே அழுக்கில்லாமல், கதைப்புத்தகம் போல ஜோராக இருக்கும் கோட்டை பெரும்பாலும் இருநூறு வயதுக்குள் இருக்கும். இதை முன்கூட்டிச் சொல்லிவிட்டால் அப்பாக்களுக்கு அடுத்த ஒவ்வொரு கோட்டையிலும் எது அசல், எது புதுசு என்று கண்டுபிடிக்கும் ஆர்வம் வந்துவிடும்.

ஒரே ஒரு கோட்டைக்குள்தான் போக முடியும் என்றால் எது?

மார்க்ஸ்பர்க். வலக்கரையில் பிராவ்பாக் ஊருக்கு மேலே இருக்கிறது. ரைன் கரையோர மலைக்கோட்டைகளில் ஒருபோதும் அழிக்கப்படாதது இது. ஜெர்மன் கோட்டைச் சங்கம் 1900-இல் இதை வாங்கி, இன்றும் பராமரிக்கிறது. உள்ளே வழிகாட்டியோடு மட்டும்தான் போகலாம்; ஏறக்குறைய ஐம்பது நிமிடம். ஆங்கிலத்தில் சுற்றிக்காட்டும் நேரத்தை அவர்கள் இணையதளத்தில் பார்த்துவிட்டுப் போங்கள்.

அரண்மனை ஆடம்பரம் ஒன்றும் இருக்காது. ஆனால் ஒரு கோட்டையில் மனிதர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பது அப்படியே கண்ணுக்குத் தெரியும். சமையற்கட்டில் ஆள் நின்று வேலை செய்யும் அளவுக்கு அகன்ற அடுப்பு, புகைபோக்கிக்குக் கீழே தொங்கும் இரும்புச் சட்டிகள். வீட்டில் விறகடுப்பு எரித்த தலைமுறை அம்மாக்கள் அங்கிருந்து நகரவே மாட்டார்கள். எதில் எதைச் சமைத்திருப்பார்கள் என்று அவர்களே சொல்லத் தொடங்கிவிடுவார்கள். சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கழிப்பறை, போர்க்கவசங்கள், பீரங்கித் தளம் எல்லாம் குழந்தைகளுக்கு.

ஒரு எச்சரிக்கை. நுழைந்ததும் வரும் குதிரைவீரர் பாதை, மலைப்பாறையையே வெட்டிச் செய்த படிகள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு உயரம், மழையில் வழுக்கும். செருப்பு, புடவைக்கு ஏற்ற சாண்டல் இரண்டும் அங்கே உதவாது. பிடிப்புள்ள ஷூ வாங்கிக்கொடுத்து, வீட்டைச் சுற்றி சில நாள் நடக்கப் பழக்கிவிட்டே கூட்டிப்போங்கள்.

எல்ட்ஸ் கோட்டையை விட்டுவிடலாமா?

முடிந்தால் விடாதீர்கள். மோசல் ஆற்றில் போய்ச் சேரும் எல்ஸ் ஓடை மூன்று பக்கமும் வளைத்து ஓட, காட்டுக்குள் பாறைமேல் நிற்கும் கோட்டை. 850 ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே குடும்பத்திடம் இருக்கிறது, அழிவே கண்டதில்லை. பழைய 500 மார்க் நோட்டில் இதன் படம்தான் இருந்தது. ஏப்ரல் முதல் நவம்பர் தொடக்கம் வரை திறந்திருக்கும். உள்ளே படமெடுக்க அனுமதி இல்லை. மாவீரர் கூடத்தின் வாசலுக்கு மேலே ஒரு ரோஜா செதுக்கியிருக்கும். இந்த அறையில் பேசியது வெளியே போகக்கூடாது என்பதற்கு அடையாளம் அது. வழிகாட்டி சொல்லாவிட்டால் நீங்களே காட்டுங்கள்.

கார் நிறுத்துமிடத்திலிருந்து இறக்கமான பாதை. போகும்போது சிரமம் தெரியாது, திரும்பி ஏறும்போது மூச்சு வாங்கும். கட்டணத்துக்கு ஒரு சிறு பஸ் ஓடுகிறது. பெரியவர்களை அதில் ஏற்றிவிடுங்கள். மோசல்கெர்ன் ஸ்டேஷனிலிருந்து ஓடையை ஒட்டி ஒன்றரை மணி நேர நடைபாதை உண்டு. அருமையான வழி, தம்பி தங்கைகள் வரும்போது போகலாம்.

அம்மாவுக்கு முட்டி வலி. படி ஏறவே முடியாது. வீட்டிலேயே இருக்க வேண்டியதுதானா?

நிச்சயமாக இல்லை. மூன்று இடங்கள் அவர்களுக்கென்றே அமைந்தவை.

கோப்ளென்ஸ்: 2011 தோட்டக் கண்காட்சிக்காகப் போட்ட ரோப் கார் ரைன் ஆற்றையே கடந்து எரன்பிரைட்ஸ்டைன் கோட்டைக்கு ஏறுகிறது. பெரிய கண்ணாடிப் பெட்டி, சக்கர நாற்காலியோடும் ஏறலாம். கோட்டை ஆற்றிலிருந்து 118 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேலே புல்வெளி, பெஞ்சு. கீழே மோசலும் ரைனும் சேரும் முனை அங்கிருந்து முழுசாகத் தெரியும். இரண்டு தண்ணீரின் நிறமும் கொஞ்ச தூரம் தனித்தனியாக ஓடுவதைப் பல நாட்களில் பார்க்கலாம். கூடுதுறை என்றாலே நம் ஆட்களுக்குத் தனி மரியாதை. அங்கே உட்கார்ந்து அம்மா கைகூப்பினால் ஆச்சரியப்பட வேண்டாம்.

ஹைடல்பெர்க்: பழனி விஞ்ச் போலவே மலையில் இழுத்துப் போகும் ரயில். கோட்டை டிக்கெட்டிலேயே அதற்கான கட்டணமும் அடக்கம்.

ரூடெஸ்ஹைம்: திராட்சைத் தோட்டங்களுக்கு மேலே மெதுவாக மிதந்து போகும் இருவர் அமரும் கூண்டு. அப்பாவையும் அம்மாவையும் ஒன்றாக உட்கார வைத்து அனுப்பிவிட்டு நீங்கள் பின்னால் வாருங்கள்.

ஹைடல்பெர்க்கில் ஒரு நாளை எப்படிப் பிரிப்பது?

காலையில் முதலில் கோட்டை, கூட்டம் சேருமுன்னால். பாதி இடிந்த மாளிகை. 1689-இலும் 1693-இலும் பிரெஞ்சுப் படை தகர்த்தது, மீதியை 1764-இல் விழுந்த இடி கொளுத்தியது. வெடித்துப் பிளந்த கோபுரம் ஒன்றைத் தேடிப் பாருங்கள். அதன் சுவரின் ஒரு பெரும் துண்டு உடையாமல் அப்படியே சரிந்து அகழியில் சாய்ந்து கிடக்கிறது. சுவரின் கனம் ஆறு மீட்டருக்கு மேல். அவ்வளவு பெரிய சுவரைத் தூக்கிப்போட எவ்வளவு மருந்து வைத்திருப்பார்கள் என்று யோசிக்க வைக்கும்.

நிலவறையில் 1751-இல் செய்த ராட்சத ஒயின் பீப்பாய் இருக்கிறது. சுமார் 2,20,000 லிட்டர் கொள்ளும். அதன் உச்சிக்குப் படியே வைத்திருக்கிறார்கள். வளாகத்திலேயே மருந்தக அருங்காட்சியகமும் உண்டு, அதே டிக்கெட்தான். மண் ஜாடிகள், உலர்ந்த வேர்கள், கல்வங்கள் எல்லாம் இருப்பதால் நாட்டு மருந்துக் கடை பழகிய பெரியவர்களுக்கு மிகவும் பிடிக்கும்.

சாப்பாட்டுக்குப் பின் கீழே பழைய பாலம், பிரதான வீதி. 1386-இல் தொடங்கிய பல்கலைக்கழகம் இந்த ஊரில்தான். அதன் தெற்காசிய நிறுவனத்தில் தமிழ் கற்பிக்கிறார்கள் என்று சொன்னால் அப்பாவின் முகத்தைப் பாருங்கள். ஆற்றுக்கு அக்கரையில் தத்துவவாதிகள் பாதை என்று ஒன்று இருக்கிறது. கோட்டையின் முழு அழகும் அங்கிருந்துதான். ஆனால் ஏற்றம் கடுமை, முட்டி வலிக்காரர்களுக்கு வேண்டாம்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் கேட்டு வாங்க வேண்டும். நூடுல்ஸ் போன்ற சீஸ் ஸ்பேட்ஸ்லே, உருளைக்கிழங்கு அடை போன்ற கார்டோஃபெல்புஃபர், மெல்லிய பீட்சா போன்ற காய்கறி ஃப்ளாம்குஹன், ப்ரெட்ஸல். மைன்ஸ், ரூடெஸ்ஹைம் பக்கம் ப்ரெட்ஸலுக்குத் தொட்டுக்கொள்ள ஷ்புண்டகேஸ் என்று ஒரு வெண்ணெய்ச் சீஸ் தருவார்கள். நம் நாக்குக்கு நன்றாகவே ஒத்துக்கொள்ளும். வழக்கமான ஃப்ளாம்குஹனில் பன்றி இறைச்சித் துண்டு போடுவார்கள். ஸ்பேட்ஸ்லே மாவில் முட்டை உண்டு. காய்கறி சூப் என்று எழுதியிருந்தாலும் இறைச்சி வேகவைத்த தண்ணீரில் செய்திருக்கலாம். இந்த மூன்றையும் வாயைத் திறந்து கேட்டுவிடுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

சின்ன ஊர்களில் மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் அடுப்பை அணைத்துவிட்டு மாலைதான் திரும்ப ஏற்றுவார்கள். ஆகவே பன்னிரண்டரைக்குள் உட்கார்ந்துவிட வேண்டும். தண்ணீருக்குக் காசு, அதுவும் சொல்லாவிட்டால் சோடாத் தண்ணீர் வரும். வீட்டிலிருந்து பாட்டிலில் குழாய்த் தண்ணீர் எடுத்துப்போங்கள், நல்ல தண்ணீர்தான்.

என் யோசனை: சர்க்கரை, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இருந்தால் கட்டுச்சோறுதான் உத்தமம். புளியோதரை, எலுமிச்சை சாதம், வறுவல், ஒரு டப்பா தயிர்சாதம். ஆற்றங்கரையில் எல்லா ஊரிலும் பெஞ்சு போட்டிருக்கிறார்கள். ஜெர்மன்காரர்களும் அங்கே உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிடுவார்கள். அப்புறம் மாலையில் காபி, கேக்குக்கு மட்டும் கடைக்குள் போனால் போதும்.

எங்கள் வீட்டில் யாரும் குடிப்பதில்லை. ஒயின் ஊர்களில் என்ன செய்வது?

திராட்சைத் தோட்டத்தைப் பாருங்கள். விவசாயக் குடும்பத்திலிருந்து வருகிறவர்களுக்கு இதுதான் பெரிய விருந்து. நிற்கவே முடியாத சரிவில் கொடி நட்டிருக்கிறார்கள். மண்ணே தெரியாமல் ஸ்லேட் கல் சில்லுகள் பரவியிருக்கும். பகல் வெயிலை அந்தக் கல் வாங்கி வைத்துக்கொண்டு இரவில் கொடிக்குக் கொடுக்கிறது; குளிர் நாட்டில் பழம் பழுப்பதற்கு அதுவும் ஒரு காரணம். செங்குத்தான இடங்களில் ஆளையும் கூடையையும் மேலே ஏற்ற ஒற்றைத் தண்டவாள வண்டி இருக்கும். குடிப்பதற்கு, தோட்டக்காரர்களே விற்கும் திராட்சைச் சாறு கேளுங்கள்.

கழிப்பறை?

பத்து நிமிடத்துக்கு முன்பே திட்டமிடுங்கள். ரயிலில், கப்பலில் இலவசம். இறங்குமுன் போய்விட்டு வரச் சொல்லுங்கள். மற்ற இடங்களில் 50 சென்ட் முதல் ஒரு யூரோ வரை ஆகும், சில்லறை வேண்டும்.

ஞாயிறு கடை திறந்திருக்குமா?

சூப்பர் மார்க்கெட், துணிக்கடை எல்லாம் மூடியிருக்கும். பேக்கரி காலையில் சில மணி நேரம், பெரிய ரயில் நிலையக் கடைகள் நாள் முழுக்க. வேண்டியதைச் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள்.

மழை பெய்தால்?

வூர்ட்ஸ்பர்க். மைன் ஆற்றங்கரை ஊர். அங்கே உள்ள ரெசிடென்ஸ் அரண்மனைப் படிக்கட்டின் மேல்கூரை முழுவதும் இத்தாலிய ஓவியர் டியெப்போலோ 1752–53-இல் வரைந்த ஓவியம். நான்கு கண்டங்களையும் நான்கு பெண்களாகக் காட்டியிருக்கிறார். ஆசியா யானைமேல் வருகிறாள். படியேறும்போது அந்த யானை எந்தப் பக்கம் என்று தேடச் சொல்லுங்கள். 1945 குண்டுவீச்சில் ஊரே எரிந்தபோதும் அந்தக் கூரை தப்பியது.

நொய்ஷ்வான்ஸ்டைன் போக வேண்டும் என்று அப்பா பிடிவாதமாக இருக்கிறார்.

போகலாம், ஆனால் ஒரே நாளில் போய்த் திரும்ப வேண்டாம். அது ஆல்ப்ஸ் அடிவாரத்தில், ஆஸ்திரிய எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது. இரண்டு இரவு தங்கும் நீண்ட வார இறுதிக்கு ஒதுக்குங்கள். டிக்கெட்டை இணையத்தில் முன்னரே எடுத்தாக வேண்டும். அது 1869-இல் இரண்டாம் லூட்விக் மன்னர் கட்டத் தொடங்கியது, போருக்கான கோட்டையே அல்ல. மார்க்ஸ்பர்க்கை முதலில் பார்த்துவிட்டு இதைப் பார்த்தால் வித்தியாசம் நன்றாகப் புரியும்.

அம்மா கோயிலுக்கும் போக வேண்டும் என்கிறார்.

ஹாம் நகரத்துக்கு ஒரு நாள் வையுங்கள். இலங்கைத் தமிழர்கள் எழுப்பி 2002-இல் குடமுழுக்கு கண்ட காமாட்சி அம்பாள் கோயில், கோபுரத்தோடு. கோடையில் நடக்கும் தேர்த்திருவிழாவுக்கு ஐரோப்பா முழுவதிலுமிருந்து ஆயிரக்கணக்கில் வருவார்கள். தீர்த்தம் ஆடுவது பக்கத்துக் கால்வாயில். தேதியை முன்பே தெரிந்துகொண்டு பெற்றோரின் வருகையை அதற்குப் பொருத்தினால் இன்னும் நல்லது.

ரைன் கரையில் ஓர் இரவு தங்கலாமா?

தங்குங்கள், குறிப்பாக பாக்கராக்கில். மாலைக் கப்பலில் கூட்டம் கிளம்பியதும் ஊர் உங்களுடையது. 1368-ஐச் சேர்ந்த மரச்சட்ட வீடு ஒன்று அங்கே இன்றும் உணவகமாக இருக்கிறது. பிரதான வீதி சமதளம், நிதானமாக நடக்கலாம். மேலே உள்ள ஸ்டாலெக் கோட்டை இளைஞர் விடுதி. குழந்தைகளுக்குக் கோட்டையில் தூங்கினோம் என்ற பெருமை. ஆனால் ஏற்றம் அதிகம் என்பதால் பெரியவர்களுக்கு ஊருக்குள்ளேயே அறை பாருங்கள்.

அறை எடுக்குமுன் தண்டவாளம் எவ்வளவு பக்கம் என்று கேளுங்கள். இரு கரையிலும் இரவு முழுக்கச் சரக்கு ரயில்கள் ஓடும். ஆற்றைப் பார்த்த அறை என்றால் பெரும்பாலும் ரயிலையும் பார்த்த அறை. தூக்கம் லேசான பெரியவர்களுக்கு உள்தெருவே நல்லது.

வாணவேடிக்கைத் திருவிழாவுக்குக் கூட்டிப்போகலாமா?

மே முதல் செப்டம்பர் வரை வெவ்வேறு ஊர்களில் 'ரைன் இன் ஃப்ளாமன்' நடக்கும். கண்கொள்ளாக் காட்சி. ஆனால் முடிந்ததும் நள்ளிரவு ரயிலில் நிற்கக்கூட இடமிருக்காது. அதே ஊரில் அறை கிடைத்தால் மட்டும் பெரியவர்களோடு போங்கள்.

ஆற்றில் தண்ணீர் குறைந்தால் கப்பல் ஓடாதா?

ஓடும், ஆனால் சில துறைகளில் நிற்காது. கௌப் ஊரில் நீர்மட்டம் காட்டும் அளவுகோல் பற்றிச் செய்தியில் அடிக்கடி வரும். 2018 அக்டோபரில் அது 25 சென்டிமீட்டருக்கு இறங்கியது. வெள்ளம் மிகுந்தாலும் நிறுத்திவிடுவார்கள். கோடை வறண்டிருந்தால் முந்தின நாள் மாலை கப்பல் நிறுவனத்தின் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள்.

வழியில் உடம்புக்கு முடியாமல் போனால்?

ஆபத்து என்றால் 112. காய்ச்சல், வயிற்றுப்போக்கு போன்றவற்றுக்கு வார இறுதியில் 116117-ஐ அழைத்தால் பணியில் இருக்கும் டாக்டரைச் சொல்வார்கள். பாஸ்போர்ட், பயணக் காப்பீட்டுத் தாள், மாத்திரைகளின் மூலப்பெயர் எழுதிய சீட்டு மூன்றையும் ஒரே கவரில் போட்டு, உங்கள் பையில் அல்ல, அவர்கள் பையில் வையுங்கள். ஊரில் வாங்கும் மாத்திரையின் கம்பெனிப் பெயர் இங்கே யாருக்கும் தெரியாது. அந்தக் கவரிலேயே உங்கள் போன் நம்பரையும் வீட்டு முகவரியையும் எழுதி வைத்துவிடுங்கள். ரயில் கதவு மூடி அவர்கள் உள்ளேயும் நீங்கள் வெளியேயும் நின்றுவிட்டால், அடுத்த ஸ்டேஷனில் இறங்கி அங்கேயே காத்திருக்க வேண்டும் என்பதையும் வீட்டிலேயே பேசி வையுங்கள்.